அம்சவல்லி மேல் ஒரு பிராது

அம்சவல்லி கைபட்டு ஒரு பொம்மைகூட உடைந்ததில்லை என்று எங்கள் முதலாளி கோவிந்தசாமி ஊரெல்லாம் சொல்லுவார். உண்மைதான். கோபத்தில் அவள் தூக்கிப் போட்டதையெல்லாம் சேர்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

அவள் என் மனைவி. என் பெயர் கொளஞ்சிநாதன். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் நான் சூளையில் நின்றேன், அவள் பினிஷிங்கில் உட்கார்ந்தாள். அச்சைப் பிரித்துப் பொம்மையை வெளியே எடுத்தால் இரண்டு விலாவிலும் ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று ஆக்குவது அவள் வேலை. சுடாத பொம்மை அப்பளம் மாதிரி. விரல் கொஞ்சம் அழுந்தினால் போச்சு. அம்சவல்லி ஒரு நாளைக்கு இருநூறு துடைப்பாள். பேசிக்கொண்டே துடைப்பாள், திட்டிக்கொண்டே துடைப்பாள்.

அதே கைதான் ஒரு நாள் ஒரு பலகை பொம்மையை அப்படியே தரையில் கவிழ்த்தது. எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. சூப்பர்வைசர் ஒருத்தன், "புள்ளை இல்லாத குறைக்குப் பொம்மையக் குளிப்பாட்டுறா பாரு" என்று வாயை விட்டுவிட்டான். இருபத்துநாலு பொம்மை அவன் காலடியில் தூள் தூளாகக் கிடந்தது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்று சாயந்தரம் எல்லாரும் போன பிறகு அவளே உட்கார்ந்து இருபத்துநாலையும் மறுபடி செய்து வைத்துவிட்டுத்தான் வந்தாள். அவள் கோபம் அந்த மாதிரி. வந்த வேகத்தில் போய்விடும், ஆனால் நடுவில் ஏதாவது ஒன்று உடைந்திருக்கும்.

அவளுக்கு ஒரே தங்கை, பிரபா. பிறந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி. தொண்ணூற்றி நாலில் மலேசியாவில் பிறந்து வளர்ந்த சுப்புராயன் என்ற பையன் சொந்த ஊர் பார்க்க வந்தான். அவன் தாத்தா அந்தக் காலத்தில் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர். ஊர் பார்க்க வந்தவன் பிரபாவைப் பார்த்தான், கட்டிக்கொண்டு போய்விட்டான். வெண்பா என்று ஒரு பெண்ணும் திருமால் என்று ஒரு பையனும் பிறந்தார்கள். நாங்கள் போட்டோவில்தான் பார்த்தோம். மாதத்துக்கு ஒரு தடவை தெருமுனையில் கோதண்டபாணி வைத்திருந்த டெலிபோன் பூத்துக்குப் போன் வரும். அம்சவல்லி அரை மணிக்கு முன்னாலேயே போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவாள். வேறு யாரும் உள்ளே போக முடியாது. கோதண்டபாணி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவான்.

இரண்டாயிரத்து மூன்று பொங்கல் முடிந்த வாரம் அதே பூத்துக்கு வந்த போனில் வேறு யாரோ பேசினார்கள். பிரபாவும் சுப்புராயனும் போன கார் லாரியில் மோதிவிட்டது. இரண்டு பேரும் இல்லை. பிள்ளைகள் அன்று வீட்டில் இருந்ததால் தப்பினார்கள்.

எங்களிடம் பாஸ்போர்ட் இல்லை. முகத்தைக்கூடப் பார்க்கப் போக முடியவில்லை. பிள்ளைகளைச் சுப்புராயனின் அக்கா சொர்ணாம்பாள் எடுத்துக்கொண்டாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள், சுங்கை சிப்புட் என்ற ஊரில் தமிழ்ப்பள்ளி ஒன்றின் கேன்டீனில் சமைக்கிறவள். ஜூலை மாதம் அம்சவல்லி அவளுக்குப் போன் போட்டாள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். கதவு சரியாகச் சாத்தாததால் எல்லாம் கேட்டது. அந்தப் போனில் எதிர்முனை பேசுவதும் ஊருக்கே கேட்கும்.

"நான் பிரபாவோட அக்கா பேசுறேங்க."

"தெரியுது. சொல்லு."

"புள்ளைங்கள நான் வளக்கிறேங்க. தத்து எடுத்துக்கிறேன். என் தங்கச்சி புள்ளைங்க."

"என் தம்பி புள்ளைங்களும்தான்."

"நீங்க ஒண்டி ஆளுங்க. எப்படிப் பாப்பீங்க?"

சொர்ணாம்பாள் சொன்னாள்: "ஒண்டி ஆளுதான். ஆனா என் கையில சொம்பு இல்ல, அம்சவல்லி."

ஐயோ சாமி! அந்தச் சொம்புக் கதை கடல் தாண்டிப் போயிருக்கும் என்று யார் கண்டது? பிரபாவுக்கு ஏழு வயதிருக்கும்போது நடந்தது அது. கறந்து வைத்த பாலைத் தட்டிவிட்டாள் என்று, பதினைந்து வயது அம்சவல்லி கையிலிருந்த பித்தளைச் சொம்பை எறிந்தாள். பிரபாவின் இடது புருவத்துக்கு மேலே பிளந்துவிட்டது. அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டோம்.

அம்சவல்லி ஓவென்று அழுதாள். "நீங்களே சொல்லிக் காட்டுறீங்களாக்கா" என்று ஒரு தடவை கேட்டாள். அப்புறம் அழுகை கோபமாகி, ரிசீவரை அறைந்து வைத்ததில் அது இரண்டாக விண்டுபோனது. கோதண்டபாணி மறுபடியும் என்னைப் பார்த்துக் கும்பிட்டான்.

மறு மாதம் ஒரு திங்கட்கிழமை என்னை மணவாளநல்லூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். கொளஞ்சியப்பர் கோயில். எங்கள் பக்கத்தில் மனிதனிடம் நியாயம் கிடைக்காதவர்கள் அந்தச் சாமியிடம் பிராது கொடுப்பார்கள். வெள்ளைத் தாளில் யார் மேல் என்ன குறை என்று எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, அதே கோயிலில் முனியப்பர் சன்னிதி முன்னால் இருக்கும் வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். தொண்ணூறு நாளில் சாமி கேட்டுவிடுவார் என்பது நம்பிக்கை. பேசாத பங்காளியும் பிராது என்றதும் பல்லைக் கடித்துக்கொண்டு பேச வந்துவிடுவான். காரியம் முடிந்ததும் ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பிராதை வாபஸ் வாங்கிவிட வேண்டும். வாங்காவிட்டால் சாமி கேட்டுக்கொண்டே இருப்பார்.

"வேணாம் அம்சா. அது பாவம், புள்ளைங்களப் பாத்துக்குது. அதுமேல போயி பிராதா?" என்றேன்.

"பேருதான் கொளஞ்சிநாதன். ஒரு நாளாவது எனக்காவ ஒருத்தரக் கேட்டிருப்பியா? நீ கேக்கல, அதான் அந்தக் கொளஞ்சியப்பருகிட்டப் போறேன்."

அவள் சொல்லச் சொல்ல நானே எழுதினேன். 'மலேசியாவிலிருக்கும் சொர்ணாம்பாள் என் தங்கை பிள்ளைகளைத் தராமல் வைத்திருக்கிறாள். தொண்ணூறு நாளில் அவர்கள் என்னிடம் வர வேண்டும். இல்லாவிட்டால் நீயே அவளைக் கேள்.' கடைசி வரி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதினேன்.

ஆபீசில் இருந்த எழுத்தர் வாங்கிப் பார்த்தார். "ஊரு?"

"விருத்தாசலம், ஆலடி ரோடுங்க."

"கோயிலுக்கு எத்தனை கிலோமீட்டரு?" பிராது கொடுப்பவரின் ஊர் எவ்வளவு தூரம் என்றும் எழுத வேண்டும். சாமி வந்து போகும் வழியல்லவா.

"மூணுங்க" என்றேன்.

அம்சவல்லி குறுக்கே விழுந்தாள். "மூணுன்னு போட்டா சாமி எங்க வூட்டோட நின்னுடுவாருங்க. அவரு மலேசியாவுக்குல்ல போவணும்!"

"பிராது குடுக்கிறவங்க ஊருதாம்மா கணக்கு. அங்கேருந்து எங்க போவணும்னு சாமிக்குத் தெரியும்."

எண்பத்தோராவது நாள் சொர்ணாம்பாளே கூப்பிட்டாள். "வந்து கூட்டிட்டுப் போங்க. இங்க ஆக வேண்டிய கோர்ட்டு வேலைய நான் பாக்கிறேன்" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அம்சவல்லி அன்று யூனிட்டில் எல்லாருக்கும் ஜாங்கிரி கொடுத்தாள். "பாத்தியா எங்க சாமிய!" என்று சூளை வாசலில் வந்து நின்று என்னிடம் சொன்னபோது அவள் முகம் இருந்த இருப்பு எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ராஜினாமா கொடுத்துவிடலாம் என்றதற்கு, "புள்ளைங்க கைக்கு வரட்டும்" என்றுவிட்டாள்.

பாஸ்போர்ட், வக்கீல், தத்துப் பத்திரம், இரண்டு நாட்டுக் காகிதங்கள் என்று ஒன்றரை வருஷம் ஓடியது. இரண்டாயிரத்து ஐந்து மே மாதம் புறப்பட்டோம். அதற்கு முன் நாங்கள் போன தூர தேசம் திருப்பதிதான். வெறுங்கையோடு போகக் கூடாது என்று வெண்பாவுக்குப் பீங்கானில் ஒரு விளையாட்டுச் செப்புச் சாமான் செட்டும் திருமாலுக்கு ஒரு குதிரையும் அவளே பார்த்துப் பார்த்துத் துடைத்தாள், நான் சுட்டேன். எல்லாவற்றையும் பழைய புடவையில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். விமானம் மேலே ஏறும்போது நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன், அவள் குதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

சுங்கை சிப்புட்டில் பலகை வீடு. வாசலில் ஒரு ரம்புத்தான் மரம். கதவைத் திறந்த சொர்ணாம்பாளைப் பார்த்ததும் அம்சவல்லி வாசலிலேயே நின்றுவிட்டாள். சண்டைக்காரி ஒருத்தியை மனதில் வைத்துக்கொண்டு வந்தவள் அவள். எதிரே நின்றது எலும்பும் தோலுமாக ஒரு பெண். இடது முழங்கையில் கட்டு. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் கையோடுதான் எங்களுக்கு இடியாப்பம் பிழிந்து வைத்திருந்தாள். அம்சவல்லி ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. "நாமதான்யா... நாம கட்டுன பிராதுதான்யா" என்று என் காதில் சொன்னாள்.

பிள்ளைகள் சொர்ணாம்பாளின் பாவாடையைவிட்டு நகரவில்லை. வெண்பாவுக்கு ஒன்பது வயது, ஒரு வார்த்தை பேசவில்லை. திருமாலுக்கு ஐந்து. குதிரைதான் அவனை எங்கள் பக்கம் கொண்டுவந்தது. மூன்றாவது நாள் அந்தக் குதிரையை மேசை மேல் ஓட்டிக்கொண்டிருந்தவன் கீழே போட்டுவிட்டான். சிமெண்டுத் தரை. சுக்கு நூறாகப் போனது. வெறுங்காலோடு நின்ற பையன் பயத்தில் ஓர் அடி எடுத்து வைக்கப் போனான்.

அம்சவல்லி கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தாள்.

ஓங்கியது அடிப்பதற்கல்ல. துண்டை மிதித்துவிடப் போகிறான், அள்ளித் தூக்க வேண்டும் என்றுதான். அது எனக்குத் தெரியும். வெண்பாவுக்கு எப்படித் தெரியும்? எங்கிருந்தோ ஓடி வந்து தம்பியை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். அவள் எங்களிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அடிக்காதீங்க பெரியம்மா. தம்பி சின்னப் பையன்லா. நான் ஒட்டிக் குடுத்துடுறேன்."

தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. அடுப்படி வாசலில் சொர்ணாம்பாள் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அடிக்க வரல கண்ணு... காலுல குத்திடும்னு..." என்று அம்சவல்லி சொன்னாள். வெண்பா கண்ணைத் திறக்கவில்லை. அம்சவல்லி அந்தத் துண்டுகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் எதற்கும் உதவாதவன், குனிந்து துண்டுகளைப் பொறுக்கினேன்.

அன்று சாயந்தரம் ரம்புத்தான் மரத்தடியில் அவள் சொர்ணாம்பாளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"அக்கா, நான் உங்க மேல பிராது கட்டிட்டேன். கொளஞ்சியப்பர் கோயில்ல. நீயே அவளக் கேளுன்னு எழுதிக் கட்டிட்டேன். அதான் உங்களுக்கு இப்படி ஆயிடுச்சு. என்னைய என்ன வேணா பண்ணுங்க."

சொர்ணாம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் மூச்சு வாங்கியது. "என் மேலயா? எங்க தாத்தா அந்தச் சாமியப் பத்திக் கதை கதையாச் சொல்லுவாரு. என்னைக்குக் கட்டின?"

"ஆகஸ்டு மாசம்."

"எனக்குக் கிட்னி போச்சுன்னு டாக்டரு சொன்னது ஏப்ரல்ல. சாமி மேல பழி போடாத."

"அப்ப ஜூலையில நான் கேட்டப்பவே உங்களுக்கு ஒடம்பு முடியலையா? தெரிஞ்சேதான் தர மாட்டேன்னீங்களா?"

"தெரிஞ்சுதான். நான் போய்ச் சேந்தாலும் சொம்பு எறியிறவ கையில மட்டும் குடுக்கக் கூடாதுன்னு இருந்தேன்."

"அப்புறம் ஏன்க்கா கூப்புட்டீங்க?"

"போன வைக்கிறதுக்கு முன்னாடி நீ அழுத பாரு, அது என் காத விட்டுப் போவல. பிரபா என்கிட்ட தழும்பக் காட்டினப்ப இன்னொன்னும் சொன்னா. எறிஞ்சதும் எங்கக்காதான், அதுக்கப்புறம் என் கல்யாணம் வரைக்கும் தெனம் பக்க வகிடு எடுத்துச் சீவி அத மறைச்சு விட்டதும் எங்கக்காதான்னா. அத ரொம்ப நாளா மறந்திருந்தேன்." பிறகு கொஞ்சம் தயங்கி, "இன்னிக்கு நீ ஓங்கினப்ப எனக்கு மறுபடி பயமாத்தான் இருந்துச்சு, அம்சவல்லி" என்றாள்.

புறப்படும் நாள் ஈப்போ பஸ் நிலையம் வரை வந்தாள். பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை. திருமால் பஸ் படியில் ஏற மறுத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். கடைசியில் சொர்ணாம்பாள் ஒட்டிய கவர் ஒன்றை அம்சவல்லி கையில் வைத்தாள். "இதக் கொளஞ்சியப்பர் கோயில்ல கட்டிடு. இப்ப பிரிக்காத" என்றாள். உடம்பு குணமாக வேண்டும் என்று எழுதியிருப்பாள் என்று நினைத்தோம். வழி முழுக்க அம்சவல்லி அந்தக் கவரை ரவிக்கைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

மறுநாள் காலை விருத்தாசலம் ஜங்ஷனில் ரயிலைவிட்டு இறங்கியதும் அவள் வீட்டுக்கு வரவில்லை. பெட்டி படுக்கை, பிள்ளைகள் எல்லாவற்றோடும் ஆட்டோவை நேரே மணவாளநல்லூருக்கு விடச் சொன்னாள். முதல் வேலையாக ராஜினாமா கொடுத்துப் பழைய பிராதை வாபஸ் வாங்கினாள். அதன் பிறகு கவரை நீட்டினாள்.

"ஆளு நேர்ல வரணுமேம்மா" என்றார் எழுத்தர்.

"அவங்களால வர முடியாதுங்க. ஒடம்புக்கு முடியல. நீங்க படிங்க, நான் கட்டுறேன்."

அவர் பிரித்து உரக்கப் படித்தார். கேன்டீன் பலகையில் எழுதிப் பழகிய குண்டுக் கையெழுத்து.

'கொளஞ்சியப்பருக்கு சொர்ணாம்பாள் எழுதிக்கொண்டது. என் தம்பி பிள்ளைகள் வெண்பா, திருமால் இருவரையும் அம்சவல்லியிடம் கொடுத்திருக்கிறேன். நல்லவள். ஆனால் கோபக்காரி. அவள் தங்கை நெற்றியில் இருந்த தழும்பு மாதிரி ஒன்று என் பிள்ளைகள் மேல் விழக் கூடாது. விழுந்தால் நீ அவளைக் கேள். என்னால் வந்து கேட்க முடியாது. தூரம், பிளேனில் நாலு மணி நேரம்.'

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரும்மா இந்த அம்சவல்லி?"

"நான்தாங்க."

"உங்க மேல நீங்களே பிராது கட்டப் போறீங்களா?"

"நான் கட்டலீங்க. அக்கா கட்டுறாங்க. கை மட்டுந்தான் என்னுது."

எனக்குச் சுர்ரென்று வந்தது. பெற்ற தாய்கூட ஒரு தடவை அடிக்கத்தான் செய்வாள், இது என்ன நியாயம் என்று வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். எழுத்தர் நாலு மணி நேரத்தைக் கிலோமீட்டராக்க முடியாமல் திண்டாடினார். "ரெண்டாயிரத்து ஐநூறுன்னு போட்டுக்குங்க" என்றேன். "கூட ஒரு நூறு சேத்துப் போடுங்க, பத்தாமப் போயிடப் போவுது" என்றாள் அம்சவல்லி. வேலில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினாள். வெண்பா பக்கத்தில் நின்று ஒவ்வொரு முடிச்சையும் பார்த்தாள்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்கள்தான் எங்கள் வாழ்க்கையிலேயே நல்ல வருஷங்கள். திருமால் ஒரே மாதத்தில் விஷயத்தைப் பிடித்துக்கொண்டான். அம்சவல்லி கை கொஞ்சம் மேலே போனால் போதும், "பெரியம்மா, பிராது!" என்று கத்துவான். கை டக்கென்று இறங்கிவிடும். திருட்டுப் பயல், வெல்லத்தைத் தின்றுவிட்டும் அதையே சொல்லுவான். இறங்கிய கைக்கு ஒரு வேலை வேண்டுமே, அவள் துவைக்கும் கல்லுக்குப் போய்விடுவாள். என் சட்டைகள் ஆறு மாதத்துக்கு மேல் தாங்கியதில்லை. "இந்தப் பிராதுக்கு நான்தான்டி தண்டம் கட்டுறேன்" என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்க வேண்டும் என்றே நான் கிழிந்த சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்த நாள்கள் உண்டு.

வெண்பாதான் லேசில் ஒட்டவில்லை. சொன்னதைச் செய்வாள், கேட்டால் பதில் சொல்லுவாள், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் திறந்த வாரம் ஒரு காலையில் சீப்பை எடுத்துக்கொண்டு வந்து அம்சவல்லி முன்னால் உட்கார்ந்தாள். "அம்மாவுக்கு நீங்க பக்க வகிடு எடுத்துச் சீவுவீங்களாமே. அம்மா சொல்லும். எனக்கும் அப்படிச் சீவி விடுறீங்களா?" என்றாள். அம்சவல்லி சீவி முடிக்க அன்று முக்கால் மணி நேரம் ஆனது. பஸ் போய்விட்டது. நான் சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் சொர்ணாம்பாளோடு பேச்சு. அப்போது வீட்டுக்கே செல்போன் வந்திருந்தது. பிள்ளைகள் பேசி முடித்ததும் அம்சவல்லி வாங்கிக் கேட்பாள்: "எப்பக்கா வந்து என் பிராத வாபஸ் வாங்கப் போறீங்க?"

"வாங்கலாம், வாங்கலாம். இன்னும் கொஞ்ச நாளு இருக்கட்டும்." வாராவாரம் அதே கேள்வி, அதே பதில். கடைசியில் அது இரண்டு பேருக்கும் விளையாட்டாகவே ஆகிவிட்டது.

இரண்டாயிரத்து ஒன்பது மாசி மாதம் சொர்ணாம்பாள் சமைத்த பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருத்தர் கூப்பிட்டார். சொர்ணாம்பாள் போய்விட்டாள். அம்சவல்லி தெருவாசலிலேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "அக்கா! என் மேல பிராத வெச்சிட்டுப் போயிட்டியேக்கா! இனிமே யாரு வந்து எனக்கு ராஜினாமா குடுப்பா?" பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏதோ போலீஸ் கேசு என்று பதறி ஓடி வந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நாலு பேரும் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனோம். அதே எழுத்தர், தலை நரைத்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன். பேரேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கட்டின கை உங்க கைதானேம்மா. நீங்களே வாபஸ் எழுதிக் குடுத்துடுங்க" என்றார்.

அம்சவல்லி பேனாவைத் தொடவில்லை. "வேணாங்க. அது கெடக்கட்டும். என் கைய நான் நம்புல. என்னைய நம்பி இல்ல, சாமிய நம்பித்தான் அவங்க புள்ளைங்கள அனுப்பினாங்க. அத எடுத்துட்டா என்னையக் கேக்க யாருங்க இருக்காங்க?"

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நாலு வருஷத்தில் அவள் அந்தப் பிள்ளைகள் மேல் ஒரு விரல் வைத்ததில்லை. ஆனாலும் அவள் மனதில் அந்தச் சொம்பு இன்னும் பறந்துகொண்டேதான் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

வெண்பா முன்னால் வந்தாள். பதின்மூன்று வயது, அம்சவல்லி தோளுக்கு வளர்ந்திருந்தாள். "அத்தை எழுதினது எங்களுக்காகத்தானே. நான் வாபஸ் வாங்கலாமா?" என்று எழுத்தரைக் கேட்டாள்.

"வேணாம் கண்ணு" என்றாள் அம்சவல்லி.

"கேக்க ஆளு இல்லைன்னுதானே சொல்றீங்க? நான் கேக்கிறேன் பெரியம்மா. நான் இங்கதானே இருக்கப் போறேன்."

அம்சவல்லி அவளையே பார்த்தாள். அன்று கண்ணை மூடிக்கொண்டு தம்பிக்கு முன்னால் நின்ற அதே பெண். இப்போது கண்ணைத் திறந்துகொண்டு நின்றாள்.

எழுத்தர் தாளைத் தள்ளினார். வெண்பா நின்றபடியே எழுதினாள். 'எங்கள் இரண்டு பேர் மேலும் எந்தத் தழும்பும் இல்லை.' திருமால் எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு முட்டியில ஒண்ணு இருக்குது. அது சைக்கிள்ல வுழுந்ததுன்னு எழுது" என்றான். அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

எழுத்தர் பழைய பதிவில் விரலை வைத்து, "இதுல இருக்கிற ஊரு மலேசியா. ரெண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டரு" என்றார். "ராஜினாமா குடுக்கிறவங்க ஊரு என்னம்மா? எவ்வளவு தூரம்?"

"விருத்தாசலம்" என்றாள் வெண்பா. "மூணு கிலோமீட்டரு."